கருவாட்டால் எழுந்த நகரம்

பெர்கனில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் மலையைத்தான் பார்க்கிறார்கள். நார்வேயின் மேற்குக் கரையில் கடலும் காடும் பாறையும் நெருக்கிப் பிடித்திருக்கும் நகரம் அது. ஏழு மலைகள் சூழ்ந்தது என்பது ஊர்ப்பெருமை. எந்த ஏழு என்று கேட்டால் ஊர்க்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது. ஃப்ளோயன் மலைக்கு 1918 முதல் பழனியில் ஓடுவதைப் போன்ற விஞ்ச் ஓடுகிறது. உச்சியில் நின்றால் கீழே துறைமுகம், அதைத் தாண்டித் தீவுகள், அதற்கும் அப்பால் வடகடல். கைப்பேசிகள் எல்லாம் அந்தப் பக்கமே நீட்டப்பட்டிருக்கும்.

சென்னை வானகரம் மீன் மார்க்கெட்டில் இருட்டோடு லாரியிலிருந்து பெட்டி இறக்கும் ஒரு வியாபாரியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், அவர் கண் வேறிடத்துக்குப் போகும். துறைமுகத்தை ஒட்டி, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பூசிய மரக் கட்டடங்கள் இடைவெளியில்லாமல் நிற்கின்றன. ப்ரிகன் என்று பெயர். சுற்றுலாக் கையேடுகளில் அவை அழகான பழைய வீடுகள். வியாபாரிக்கு ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிடும்: முகப்பு குறுகி, உள்ளே நீண்டுகொண்டே போகும் அமைப்பு, படகிலிருந்து நேராகச் சரக்கை ஏற்றத் தோதான கரை, மாடிக்கு மூட்டை தூக்கும் கப்பி. வீடல்ல, கிடங்கு. அந்தக் கிடங்குகளில் பல நூற்றாண்டுகள் அடுக்கிக் கிடந்தது கருவாடு.

இதில் மிகை ஒன்றுமில்லை. 1070ஆம் ஆண்டு வாக்கில் மன்னர் ஓலாவ் இந்த நகரத்தை நிறுவினார் என்பது மரபு. 13ஆம் நூற்றாண்டில் நார்வே அரசர்களின் தலைநகரம். மன்னர் ஹோக்கோன் அப்போது கட்டிய கல் மண்டபம் இன்றும் துறைமுக வாயிலில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நாட்டிலேயே பெரிய நகரம் இதுதான். சுற்றிலும் சொல்லிக்கொள்ளும்படி விளைநிலம் கிடையாது. அரசனையும் ஆயரையும் வணிகனையும் சேர்த்துச் சோறு போட்டது வடக்கிலிருந்து வந்த காய்ந்த மீன்.

வேடிக்கை என்னவென்றால், பெர்கனில் ஒரு மீனைக்கூடக் காயவைக்க முடியாது. அவ்வளவு மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, பெர்கனில் 2,250. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரி வரை 85 நாள் ஒரு நாள்கூட விடாமல் பெய்தது. மீன் காய்ந்ததெல்லாம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, லோஃபோட்டன் தீவுகளில்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் கூட்டம் கூட்டமாக முட்டையிட லோஃபோட்டனுக்கு இறங்கி வரும். பிடித்த மீனின் தலையை வெட்டி, குடலை எடுத்து, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை, மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். பிப்ரவரியிலிருந்து மே வரை அங்கே குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. அதைவிடக் கடுமையாக இருந்தால் மீன் உறைந்து சதை உடையும். வெப்பம் ஏறினால் ஈ மொய்க்கும், அழுகும். அந்த இடைப்பட்ட பதத்தில் ஐந்து கிலோ மீன் ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுண்டி, விறகுக்கட்டை போல விறைத்துவிடும். சம்மட்டியால் அடித்து, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் சமைக்க முடியும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இத்தனைக்கும் ஒரு கைப்பிடி உப்பு சேர்ப்பதில்லை.

உப்பில்லாக் கருவாடு என்பது தமிழ்க் கரையில் நெத்திலி மாதிரிப் பொடி மீனுக்குத்தான் சாத்தியம். மணலில் பரப்பினால் வெயில் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். வஞ்சிரத்தையோ சுறாவையோ அப்படி விட்டால் மாலைக்குள் நாறிப்போகும். கீறி, உப்பு அடைத்து, ஊறவைத்துத்தான் காயப்போட வேண்டும். ஆகவே நம் கருவாட்டின் வரலாறு உப்பின் வரலாற்றோடு பிணைந்தது. வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டபோது அடி விழுந்த இடங்களில் கருவாட்டுச் சட்டியும் ஒன்று. மீனைவிட உப்பு விலை கூடுதல் என்ற நிலை வந்ததால்தான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கரையோரங்களில் மீன் பதனிடும் முற்றங்களைத் திறந்து, அங்கே மட்டும் வரியில்லா உப்பைக் கொடுத்தது. லோஃபோட்டன்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. காற்றுக்கு யாரும் வரி போடவில்லை.

அவனுக்கு வேறு தொல்லை இருந்தது: தானியம். வடதுருவ வட்டத்தை ஒட்டிய அந்தக் கரையில் விளைச்சல் போதாது. கோடையில் காய்ந்த மீனைப் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு தெற்கே பெர்கனுக்கு வருவான். கோதுமை போன்ற ரை தானியமும் மாவும் கயிறும் தூண்டிலும் வாங்கிக்கொண்டு திரும்புவான். தானியத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஜெர்மானிய வணிகர்கள். பால்டிக் கரையின் லூபெக் முதலிய நகரங்கள் சேர்ந்து அமைத்த ஹான்சா கூட்டமைப்பு, 1360 வாக்கில் பெர்கனில் தன் வணிக நிலையத்தை நிறுவியது. ப்ரிகன் அவர்கள் கைக்குப் போனது.

அவர்கள் பயன்படுத்திய ஆயுதம் கடன். மீனவனுக்கு இந்த ஆண்டு வேண்டிய தானியத்தை அடுத்த ஆண்டு மீனுக்கு ஈடாக முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். கடன் தீரும்வரை அவன் வேறு வியாபாரியிடம் சரக்குப் போட முடியாது, கடனோ தீராது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் வியாபாரியிடம் படகுக்கு முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீன் போடும் மீனவருக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் சொல்ல வேண்டும்: பஞ்ச ஆண்டிலும் கடன்பட்ட மீனவனுக்குத் தானியம் கொடுப்பது பெர்கன் வணிகரின் கடமையாக இருந்தது. அடிமைத்தனமும் காப்பீடும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருந்தன.

அந்த ஜெர்மானியர் வாழ்க்கையும் விசித்திரமானது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள், திருமணத்துக்குத் தடை, ஊர்ப் பெண்களோடு உறவாடுவது குற்றம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வேலை பழக வரும் பையன்களை மூத்தவர்கள் புகைக்கூண்டில் தொங்கவிட்டும் கடலில் முக்கியும் 'விளையாடி' வரவேற்பார்கள். கிடங்கில் மரமும் மீனெண்ணெயும்; எனவே நெருப்பே கூடாது. பெர்கன் குளிரில் அடுப்பில்லாத அறையில் படுத்தெழுந்து, சூடான சோற்றுக்கும் கணப்புக்கும் பின்னால் தனியே கட்டிய பொதுமண்டபத்துக்கு ஓடுவார்கள். அப்படியும் நெருப்பு விடவில்லை. 1702இல் ப்ரிகன் முழுவதும் சாம்பலானது. பழைய அடித்தளத்தின் மேலேயே, பழைய அளவிலேயே திரும்பக் கட்டினார்கள். ஹான்சா நிலையம் 1754இல் மூடப்பட்டு நார்வே வணிகர் கைக்கு மாறியது.

1955இல் மறுபடி தீ. ஒரு பகுதி எரிந்துபோக, எஞ்சியதையும் இடித்துவிடலாம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். எரிந்த இடத்தில் ஆஸ்ப்யோர்ன் ஹெர்டெய்க் என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். கிடைத்தவற்றில் விலைமதிக்க முடியாதவை ரூன் என்னும் பழைய வடஐரோப்பிய எழுத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பொறிப்புகள், பெரும்பாலும் மரக்குச்சிகளில். இன்னாருடைய மூட்டை என்று கட்டிய சரக்குச் சீட்டுகள் அதில் நிறைய. தோரிர் என்பவர் தன் கூட்டாளி ஹாவ்க்ரிமுக்குக் கைமுதல் சரியில்லை, பீரும் கிடைக்கவில்லை மீனும் கிடைக்கவில்லை என்று எழுதிய கடிதம் ஒன்று. வீட்டுக்கு வரச்சொல்லி கிடா என்ற பெண் அனுப்பிய குச்சி ஒன்று. கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு என்பது பொதுவான ஊகம். அரசர்களின் கல்வெட்டு எந்த நாட்டிலும் கிடைக்கும். வியாபாரியின் புலம்பலும் வீட்டுக்காரியின் கோபமும் இப்படிக் கிடைப்பது அபூர்வம். கீழடிப் பானை ஓடுகளில் வெறும் பெயர்களைப் பார்த்தே நாம் மகிழ்ந்து போகிறோமே! எஞ்சிய 62 கட்டடங்கள் 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

பெர்கனுக்கு இன்னொரு முகம் உண்டு. விஞ்ச்சில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத முகம். 19ஆம் நூற்றாண்டில் மேற்கு நார்வேயின் ஏழை மீனவர், குடியானவர் நடுவே தொழுநோய் பரவியிருந்தது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அநேகமாக மறைந்துபோன நோய் அது. நோயாளிகளுக்கான தேசியப் பதிவேடு 1856இல் இங்கேதான் தொடங்கியது. பரம்பரை நோய் என்றார்கள் பெர்கன் மருத்துவர்கள். மீனால் வருவது என்றது ஊர்ப்பேச்சு. அந்த நகரத்தில் 1873இல் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சென் உருப்பெருக்கியில் கிருமியைக் கண்டார். அன்று பெரும்பாலோர் நம்பவில்லை. நிரூபிக்கும் வேகத்தில், ஒரு பெண் நோயாளியின் ஒப்புதல் பெறாமல் அவர் கண்ணில் கிருமியை ஏற்றப் பார்த்தார் ஹான்சென். 1880இல் பெர்கன் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. கண்டுபிடிப்பு பெரியதுதான். அந்தத் தீர்ப்பும் சரியானதுதான்.

மீன் வாதம் அதோடு சாகவில்லை. ஜொனாதன் ஹட்சின்சன் என்ற புகழ்பெற்ற லண்டன் அறுவை மருத்துவர், சரியாகப் பதப்படாத மீனே தொழுநோய்க்குக் காரணம் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். ஆதாரம் தேடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கே வந்து சுற்றினார். உப்பு வரியால்தான் ஏழைகள் அரைகுறையாக உப்பிட்ட மீனைத் தின்கிறார்கள் என்பது அவர் கட்சி. மருத்துவம் தப்பு, உப்பு வரி அக்கிரமம் என்ற முடிவு மட்டும் தற்செயலாகச் சரியாகிப்போனது. பெர்கனில் ஐந்து நூற்றாண்டு இயங்கிய செயின்ட் ஜோர்ஜன் தொழுநோய் மருத்துவமனையின் கடைசி இரு நோயாளிகள் 1946இல் இறந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். அந்த இருவரும் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, வானகரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய செங்கல்பட்டில், இந்திய அரசின் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனம் தொடங்கியது.

தமிழ்க் கரைக்கும் பெர்கனுக்கும் இதைவிடப் பழைய சம்பந்தம் ஒன்றும் உண்டு. நார்வே அப்போது டென்மார்க் அரசரின் கீழ். தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய மறைப்பணியை மேற்பார்க்க 1714இல் கோபன்ஹேகனில் ஒரு குழுமம் அமைந்தது. 1721இல் பெர்கனிலிருந்து கிரீன்லாந்துக்குக் கப்பலேறிய ஹான்ஸ் எகெடேயின் பணியும் அதே குழுமத்தின் பொறுப்பில்தான் வந்தது. அந்த அலுவலக மேசையில் காவிரிக் கழிமுகத்துக் கடிதமும் பனிப்பாறைக் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கும்.

மீன் தொழிலில் நார்வேக்காரர்கள் நேரடியாக இந்தியக் கரைக்கு வந்தது 1953இல். முந்தைய அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. ஐஸ் ஆலை, இயந்திரப் படகு, குடிநீர்க் குழாய், சுகாதார நிலையம் என்று நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த வேலை, சில ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு இறால் ஏற்றுமதியும் இழுவைமடியும் என்று திசை மாறியது. 1960களில் அது தமிழகத்தின் மண்டபம் வரை நீண்டது. லோஃபோட்டனின் சிறு மீனவரைக் காக்க 1930களில் தன் நாட்டில் சட்டம் போட்டு இழுவைப் படகுகளைக் கட்டுப்படுத்திய நாடு நார்வே. அந்தப் படிப்பினை மட்டும் பெட்டியில் ஏறவில்லை. கேரளத்தில் கட்டுமரக்காரர்கள் போராடி 1988இல் மழைக்கால இழுவைத் தடையைப் பெற்றார்கள். தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த இரண்டு மாதமும் வானகரத்தில் வஞ்சிரம் விலை கேட்பவர்கள் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையில் போனவர் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம். 1956இல் நார்வே போய்ச் சேர்ந்த இவரையே அங்கு குடியேறிய முதல் தமிழர் என்கிறார்கள். மீன்பிடித் தொழிலைக் கற்றார், அங்கேயே மணம் முடித்தார். நார்வே நண்பர்களிடம் பணம் திரட்டி 1967இல் 'சீநோர்' நிறுவனத்தைத் தொடங்கினார்: காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. அவர் காட்டிய வழியில் யாழ்ப்பாண இளைஞர்கள் நார்வேக்குப் படிக்கப் போனார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு போனவர்கள் அகதிகள்.

அவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைத்தது நாட்டின் வடகோடியில், பின்மார்க் மாவட்டத்து மீன் ஆலைகளில். நவம்பர் கடைசியிலிருந்து இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாத ஊர்கள். நார்வேக்காரர்களே விட்டு ஓடிய வேலை: ஐஸ் தண்ணீரில் கை விறைக்க, மணிக்கணக்கில் நின்று காட் மீனைத் துண்டு போடுவது. கடலே பார்க்காத வாத்தியார் மகன்களும் கமக்காரர் பிள்ளைகளும் கத்தி பிடித்தார்கள். சாதி பார்த்துக் குருநகர்ப் பக்கம் கால் வைக்காதவர்கள் சிலருக்கு, மீன் நாற்றம் உடம்பில் ஏற எழுபதாவது அட்சரேகை வரை போகவேண்டியிருந்தது.

காசு சேர்ந்ததும் பெரும்பாலோர் பிள்ளைகளின் படிப்புக்காகத் தெற்கே ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இறங்கினார்கள். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் வந்து, வடக்கே ஹம்மர்ஃபெஸ்டில் குழந்தைப் பருவத்தைத் தொடங்கிய கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஆஸ்லோவின் துணை மேயரானார்; 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். பின்மார்க் ஆலைகளில் இப்போது நிற்பவர்களில் லிதுவேனியர்களும் போலந்துக்காரர்களும் அதிகம். அவர்களுக்கும் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பது வேறு கணக்கு: பேரண்ட்ஸ் கடலில் காட் பிடிக்க 2025க்கு நார்வேயும் ரஷ்யாவும் ஒத்துக்கொண்ட அளவு 3,40,000 டன், 1991க்குப் பிறகு அதுவரை வந்ததிலேயே மிகக் குறைந்த ஒதுக்கீடு.