ஆதிமூலம், கே.எம். (1938–2008)

தமிழகத்தின் நவீன ஓவியர்களில் கோட்டின் வலிமையால் பெயர் பெற்றவர் கே.எம். ஆதிமூலம். காந்தியையும் வாழ்ந்து கெட்ட அரசர்களையும் கறுப்பு மையில் வரைந்தவர். பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனவர். ஓவியக் கண்காட்சிப் பக்கமே போயிராத வாசகர்களிடம் நவீன ஓவியத்தை அச்சு வழியே கொண்டுசேர்த்ததில் அவருக்கு இணையாக வேறொருவரைச் சொல்வது கடினம்.

திருச்சி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-ல் பிறந்தார். ஓவியம் படிக்கும் ஆசையோடு சென்னைக்கு வந்தவருக்குச் சிற்பி எஸ். தனபாலின் அரவணைப்பு கிடைத்தது. அரசு ஓவியக் கல்லூரியில் படித்து 1966-ல் பட்டயம் பெற்றார். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி அது. அப்போது அதன் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். ஐரோப்பிய நவீனத்தைக் கற்கலாம், ஆனால் அதையே திருப்பி வரைந்துகொண்டிருக்கக் கூடாது; கோயில் சிற்பத்திலும் நாட்டார் கலையிலும் நமக்கான வழி இருக்கிறது என்ற விவாதம் அங்கே சூடாக நடந்தது. 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்ததும் அந்தச் சூட்டில்தான். சென்னை ஓவியர்கள் வண்ணத்தைவிடக் கோட்டைப் பெரிதாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முழுக்கத் தனதாக்கிக்கொண்டவர் ஆதிமூலம்.

1969, காந்தி நூற்றாண்டு. அதையொட்டி ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். இளைஞர் காந்தியிலிருந்து முதியவர் காந்திவரை வரிசை நீள்கிறது. முதுமைக்கால முகம் ஒன்றை நெருங்கிப் பார்த்தால், முகத்தைச் சுற்றி வளைத்துக் காட்டும் ஒற்றை எல்லைக்கோடு இல்லை. மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கும் இடத்தில் கன்னம் குழிகிறது. அவை விலகும் இடத்தில் நெற்றி வெளிச்சம் பெறுகிறது. பேனா மையில் அழித்து வரைய வழியில்லை. தயங்காமல் கோடிடும் துணிச்சல்தான் இந்தப் படங்களுக்கு உயிர். அஞ்சலிக்காக வரையப்படும் தலைவர் படங்களில் பெரும்பாலும் காணக் கிடைக்காத உயிர் அது.

அடுத்து வந்த அரசர் வரிசையில் கிரீடமும் மீசையும் நகையும் பகட்டாகத்தான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மனிதர் மட்டும் சிதைந்துகொண்டிருக்கிறார். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்தபோது ஆதிமூலத்துக்குப் பத்து வயது. மன்னர் மானியம் ஒழிந்த 1971-ல் முப்பத்து மூன்று. அவர் தலைமுறை கண்ணெதிரே கண்ட மாற்றம் இது.

எழுபதுகளின் பிற்பகுதியில் உருவங்களை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். ‘வெளி’ என்ற பொருளில் அமைந்த அந்தப் பெரிய திரைகளில் நீலம், காவி, சிவப்பு, வெண்மை எல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு படர்கின்றன.  பிறந்த நிலம் வெறும் நினைவாகி அந்த வண்ணத்தில் கரைந்திருக்கிறது. 2008 ஜனவரி 15 அன்று, புற்றுநோயால், ஆதிமூலம் காலமானார். இந்திய ஓவிய உலகம் அவரைப் பெரும்பாலும் இந்த அருவ ஓவியங்களால் அறிகிறது. ஆனால் தமிழுக்கு அவர் தந்ததில் பெரியது அச்சில் இருக்கிறது.

சி. மணி சேலத்திலிருந்து நடத்திய ‘நடை’யில் தொடங்கி, சிற்றிதழ்களோடு அவருக்கு நெருக்கமான உறவு இருந்தது. ந. முத்துசாமியும் ஞானக்கூத்தனும் நண்பர்கள். புதுக்கவிதையும் நவீன ஓவியமும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றன. ஒன்று மற்றதற்கு விளக்கப்படமாகச் சுருங்கிவிடவில்லை. 1980-களில் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர் வரைந்தபோது இந்த உறவு பல மடங்கு விரிந்தது. சென்னைக் கலைக்கூடங்கள் சிற்றூர்களுக்கு வருவதில்லை. வார இதழ் வந்துவிடும். வெயிலில் காய்ந்த கரிசல் விவசாயியான சம்சாரியின் முகத்தை, கெட்டியான கோடுகளில், கதை படிக்க வந்தவர்கள் ஓவியமாகவும் பார்த்தார்கள். புரியவில்லை என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டியிருக்கவில்லை, அது தெரிந்த முகம்.

எழுத்துருவிலும் அவர் கைவைத்தார். நூல் தலைப்புகளுக்கும் இதழ்ப் பெயர்களுக்கும் அளவுகோலும் சட்டமும் இல்லாமல், தூரிகை போன போக்கில் தமிழ் எழுத்துகளை வரைந்தார். ‘ழ’வின் சுழியும் ‘கு’வின் வாலும் அவர் கையில் ஓவியத்தின் கோடாகவே ஓடுகின்றன. இன்று தமிழ்ப் புத்தக அட்டைகளில் காணும் கையெழுத்துச் சாயல் கொண்ட தலைப்புகளுக்கு முன்னோடி அவர்.