அணை எழாத பள்ளத்தாக்கு

பாலக்காடு மாவட்டத்து முக்காலியிலிருந்து ஜீப்பில் சைரந்திரியை அடைந்து, வழிகாட்டியின் பின்னே குந்திப்புழைக்கு நடந்திறங்கும் குழுவினர் காண்பது, அணை எழவிருந்த இடத்தையே. இந்த அமைதிப் பள்ளத்தாக்கை 1914-இல் காப்புக்காடாக்கியது அன்றைய சென்னை அரசாங்கம். 1928-இலேயே மின்சாரத்துக்கென இவ்விடம் குறிக்கப்பட்டது. 1973-இல் திட்டக் குழுவும் இசைந்தது.

மலபாருக்கு மின்சாரம் வேண்டுமென்ற வாதம் பொய்யன்று. ஆயினும் விஞ்ஞானிகளும் கவிஞர்களும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தினரும் அதனை ஊரூராக எதிர்த்துப் பேசினர். அவ்வழக்கின் முகமாய் அமைந்தது, வேறெங்கும் அரிதாகிவிட்ட சிங்கவால் குரங்கு. வாக்குரிமையற்ற கட்சிக்காரர்! 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் காடு தேசியப் பூங்காவாயிற்று.

இன்று சைரந்திரிக் காவற்கோபுரத்தில் ஏறுவோர்க்கு, நீரில் மூழ்கியிருக்க வேண்டிய மரங்களின் தலைகள் கீழே தெரிகின்றன.