ஒருத்தி நீங்கலாக

‘எக்லாம்ப்சியா’ என்ற கிரேக்க வார்த்தைக்கு ‘திடீர்ப் பளிச்’ என்று அர்த்தம். கேட்க அழகாக இருக்கிறதல்லவா? நிறைமாதக் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் எகிறி, திடீரென்று வலிப்பு வந்து விழும் பயங்கரத்துக்குத்தான் டாக்டர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள்.

1843-ல் லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியில் ஜான் லீவர், இப்படி வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இறங்குவதைக் கண்டார். பிரஷர் சமாசாரம் தெரிய, 1896-ல் இத்தாலியின் ரீவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியைக் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எகிறிய அழுத்தத்தை எதிர்த்து இதயம் மல்லுக்கட்டுகிறது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிரசவமானதும் பெரும்பாலும் பிரஷர் இறங்கிவிடும். ‘பிழைச்சே தாயி, வீட்டுக்குப் போ!’

சரி, வீட்டுக்குப் போனவள் அப்புறம் என்ன ஆனாள்?

இதைக் கேட்டவர் லியான் செஸ்லி. டாக்டர் அல்ல, உடலியல் விஞ்ஞானி. அமெரிக்காவில் ஜெர்ஸி சிட்டி மேயர் ஃப்ராங்க் ஹேக், தன் அம்மா பெயரில் கட்டிய மார்கரெட் ஹேக் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1931 முதல் 1951 வரை அங்கே வலிப்பு வந்து பிழைத்த பெண்கள் 270 பேர். மறுமணம் செய்தால் பெயரே மாறிப்போகும் தேசத்தில், கம்ப்யூட்டரெல்லாம் இல்லாத காலத்தில் மனுஷர் விடாமல் தேடினார். 1976-ல் தன் ஆறாவது அறிக்கையை வெளியிட்டபோது, ஒரே ஒருத்தி நீங்கலாக எல்லோருடைய கதையும் அவர் கையில் இருந்தது!

வெள்ளையரில், முதல் பிரசவத்தில் வலிப்பு கண்டவர்கள் மற்றவர்கள் மாதிரியே வாழ்ந்தார்கள். அடுத்தடுத்த பிரசவங்களில் கண்டவர்களிடம் மரணம் இரண்டு, மூன்று மடங்கு. பெரும்பாலும் இதய, ரத்தக்குழாய் நோய்கள். கர்ப்பம் பிரஷரை உண்டாக்கவில்லை, ஒளிந்திருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது என்றார் செஸ்லி.

முதல் பிரசவக்காரர்கள் விஷயத்தில் அவர் கொஞ்சம் அதிகமாகவே ஆறுதல் சொல்லிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். கர்ப்பகாலத்தில் பிரஷரோடு புரதமும் இறங்கிய பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு! 2011-ல் அமெரிக்க இதய சங்கமும் பெண்களுக்கான எச்சரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

நாற்பது வயதில் நெஞ்சு படபடக்கிறது என்று போனால், ‘சுகர் உண்டா? அப்பாவுக்கு அட்டாக் வந்திருக்கா?’ என்று கேட்பார்கள். பிரசவத்தின்போது பிரஷர் இருந்ததா என்று கேட்காவிட்டால், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.