வளர்க்கும் சூடும் கொல்லும் சூடும்: நன்னீர் இறால் வளர்ப்பில் நீர் வெப்பநிலை

நன்னீர் இறாலுக்கு (மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி) 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரே உகந்தது என்று வளர்ப்புக் கையேடுகள் கூறுகின்றன. 14 டிகிரிக்குக் கீழும் 35 டிகிரிக்கு மேலும் அது பிழைப்பது அரிது. இந்த எண்களில் பிழையில்லை. ஆனால் உகந்த நிலை என்பது வளர்ச்சி வேகத்தை முன்வைத்து வகுக்கப்பட்டது. அதையே பிழைப்புக்கும் அளவுகோலாக்குவதுதான் தவறு. நீர் சூடேறினால் இறாலின் வளர்சிதை மாற்றம் விரைவாகும், இரை எடுப்பது கூடும், ஓடு கழற்றும் இடைவெளி சுருங்கும், ஆக்சிஜன் தேவையும் ஏறும். நீரோ சூடேறச் சூடேற ஆக்சிஜனை இழக்கிறது: நன்னீரில் கரையக்கூடிய அளவு 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7. தேவை ஏறும் வேளையில் வரத்து இறங்குகிறது. கழிவிலுள்ள அம்மோனியாவின் நச்சு வடிவமும் சூட்டோடு பெருகுகிறது. கார அமிலநிலை (pH) 9 ஆக உள்ள நீரில் அது 25 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு என்றால், 30 டிகிரியில் பாதியை நெருங்கிவிடும். ஓடு கழற்றிய இறால் சில மணி நேரம் மெத்தென்று, தற்காப்பின்றிக் கிடக்கும். ஓடு கழற்றுவது அடிக்கடி நிகழ்ந்தால், சக இறால்களுக்கே இரையாகும் வாய்ப்பும் அடிக்கடி நேரும். ஆக, வளர்ச்சியை முடுக்கும் அதே சூடுதான் பிழைப்பின் விளிம்பையும் குறுக்குகிறது.

குஞ்சுப் பொரிப்பகத்தில் 30 டிகிரியில் இளவுயிரிகள் செழிக்கின்றனவே என்று கேட்கலாம். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஆய்வாளர் ஷாவோ-வென் லிங், இளவுயிரிகளுக்கு உவர்நீர் தேவை என்று கண்டறிந்ததிலிருந்தே பொரிப்பகங்கள் வளர்ந்தன. அங்கே சூடான நீர் இளவுயிரிப் பருவத்தைச் சுருக்குவது உண்மை. ஆனால் அது காற்றூட்டப்பட்டு, அடிக்கடி மாற்றப்படும் தொட்டி நீர். குளத்தில் அந்தக் காப்பு இல்லை. காற்றில்லாத பகலில் மேல்நீர் சூடாகி மிதக்க, இறால் வாழும் அடிநீர் ஆக்சிஜன் வற்றித் தேங்குகிறது. இரவில் பாசியும் சுவாசித்து மீதி ஆக்சிஜனைத் தீர்க்கிறது. விடியலுக்கு முன் இறால்கள் கரையோரம் ஏறி நிற்பது இந்த ஆக்சிஜன் குறைவின் அறிகுறி. திடீர் மழை மேல்நீரைக் குளிர்வித்து அடுக்குகளைப் புரட்டினால் அடிச்சேற்றின் கேடு குளம் முழுக்கப் பரவும்.

குளிர்ந்த நீரில் விளைச்சல் குறையுமே என்பது வலுவான மறுப்பு. வேகம் குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேகம் மட்டுமே விளைச்சல் ஆகாது. கோடை குறுகிய அமெரிக்காவின் கென்டக்கியில், மிதமான நீரில் பெண் இறால் பருவமெய்துவது தள்ளிப்போகிறது. முட்டைக்குச் செல்லும் ஆற்றல் உடலுக்குப் போவதால் பெரிய இறால்கள் கிடைப்பதாக அங்குள்ள ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். வெப்பமண்டலக் குளங்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். எனினும் 31 டிகிரியை எட்டிவிட்டால் போதும் என்ற நினைப்பை இது அசைக்கிறது. நண்பகலில் மேல்நீரில் எடுத்த ஒற்றை வெப்ப அளவை வைத்துக் குளத்தின் நலத்தை முடிவுசெய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். விடியலுக்கு முன் அடிநீரின் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்தே அளக்க வேண்டும்.