வேப்பேரி அகராதியும் கடன் சிறையும்

ஒரு குடும்பத்தின் மூதாதையரைத் தேடப் புகுவோர் முதலில் புரட்டுவன திருமணப் பதிவேடுகளும் ஞானமுழுக்குப் பதிவேடுகளும் ஆகும். அவை கைவிட்ட இடத்தில் நீதிமன்ற ஏடுகள் துணைக்கு வருகின்றன. கடன் வாங்கியவர், கொடுத்தவர், பிணை நின்றவர், சான்று கூறியவர் என எவராயினும் அங்கே தம் பெயரைச் சொல்லியாக வேண்டும். வேறெங்கும் தடம் பதிக்காத எளியோரும் ஒரு வழக்கினால் வரலாற்றில் இடம்பெற்றுவிடுவது உண்டு. தமிழ் அகராதிக் கலைக்கும் இவ்வாறு தேடிக் காணத்தக்க மூதாதை ஒருவர் இருக்கிறார். செர்மானிய நாட்டிலிருந்து வந்து, ஐம்பதாண்டுக் காலம் தமிழ் மண்ணில் வாழ்ந்து, சென்னையிலேயே மறைந்த யோகான் பிலிப் பப்ரிசியுஸ் என்பாரே அவர்.

சென்னையின் வழக்கு மன்ற வரலாறு நீண்டது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1687ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி இந்நகரில் மேயர் நீதிமன்றத்தை ஏற்படுத்தினர். 1726இல் அரச சாசனத்தின் வழியே அது புத்துருப் பெற்றது; விருப்ப ஆவணங்களை மெய்ப்பிக்கும் அதிகாரமும் அதற்குக் கிடைத்தது. 1753இல் மற்றொரு சாசனம் பிறந்தது. 1798இல் ரெக்கார்டர் நீதிமன்றமும், 1801இல் உச்ச நீதிமன்றமும், 1862இல் உயர் நீதிமன்றமும் அடுத்தடுத்துத் தோன்றின. மேயர் நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் இன்றும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அக்காலச் சென்னையில் வாழ்ந்த வெளிநாட்டார் அனைவரும் ஆங்கிலேயர் அல்லர். போர்த்துக்கீசியரும் ஆர்மீனியரும் செர்மானியரும் அவர்களிடையே வாழ்ந்தனர்.

பப்ரிசியுஸ் 1711ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரை அடுத்த கிளீபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். கீசன் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் பயின்றது சட்டமே. பின்னரே ஆலே நகரில் இறையியல் கற்றார். 1740இல் தரங்கம்பாடிக்கும் 1742இல் சென்னைக்கும் வந்து சேர்ந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, மணலிக்கு வடக்கே டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவரும் திரும்பி வந்தார். 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் படை நகரை முற்றுகையிட்டபோது மீண்டும் பழவேற்காடே அவருக்குப் புகலிடமாயிற்று. எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி வேப்பேரியில் கழிந்தது.

1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலப் படை அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொணர்ந்தது. அரசின் அச்சுவேலைக்கு முதலிடம் தரவேண்டும் என்னும் உடன்பாட்டின் பேரில் அது பப்ரிசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பயனாக 1779இல் ஏறத்தாழ 9,000 சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில் வெளிவந்தது. 1786இல் ஆங்கிலம்–தமிழ் அகராதியும் வந்தது. பிரைட்டாப்ட் என்னும் மற்றொரு செர்மானியர் இப்பணியில் அவருக்கு உறுதுணையாய் நின்றார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 1779ஆம் ஆண்டு அகராதியின் முகப்பேட்டில் ஆசிரியர் பெயர் இல்லை. சென்னையிலுள்ள ஆங்கில மறைப்பணியாளர் செய்தது என்ற அளவிலேயே குறிப்பு அமைந்துள்ளது. இலண்டன் மாநகரக் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் ஊதியம் பெற்றமையால் அச்செர்மானியர் 'ஆங்கில' மறைப்பணியாளர் ஆயினர். அகராதியை மட்டும் கையில் கொண்டு தேடுவோர்க்கு அதை ஆக்கியவர் பெயரும் கிட்டாது; பிறந்த நாடும் புலப்படாது. நூல் மறைத்த பெயரைக் கடன் மறைக்கவில்லை.

அக்கடனின் கதை துயரமானது. மறைப்பணிக்குரிய பணமும், பிறர் நம்பி ஒப்படைத்த வைப்புத் தொகையும் அவர் கையில் இருந்தன. அவற்றை அவர் வட்டிக்குக் கொடுத்தார். கொடுத்த பணம் மீளவில்லை. கணக்கு வழக்கில் தேர்ச்சியில்லாத அவர், தம்மை அண்டியிருந்தோரை அளவுக்கு மீறி நம்பினார். அக்காலச் சட்டப்படி, கடனைத் தீர்க்க இயலாதவரைக் கடன் கொடுத்தவர் சிறையில் அடைப்பிக்கலாம். சிறைப்பட்டவரோ பொருளீட்டிக் கடனைத் தீர்க்கவும் வழியற்றவர். இளமையில் சட்டம் பயின்ற பப்ரிசியுஸ் முதுமையில் அச்சட்டத்தின் பிடியிலேயே சிக்கிக் கடன் சிறையில் கிடந்தார்.

இதனை ஒரு தனிமனிதரின் பேதைமை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்த ஐரோப்பியரால் அன்றைய சென்னை நிறைந்திருந்தது. தஞ்சை வருவாயின்மீது அவர்கள் கொண்டாடிய உரிமையை ஒட்டி எழுந்த பூசலில், 1776இல் ஆளுநர் பிகட்டே தம் அவையினரால் சிறைப்பிடிக்கப்பட்டார். 1777இல் காவலிலேயே மாண்டார். 1785இல் எட்மண்டு பர்க் இலண்டன் நாடாளுமன்றத்தில் அக்கடன்களைக் கடுமையாகச் சாடினார். ஆளுநரையே வீழ்த்திய பணச்சந்தையில் ஒரு பாதிரியார் தப்புவது எளிதன்று. எனினும், அவரை நம்பிப் பணம் கொடுத்து இழந்தோரின் துயரையும் மறத்தல் ஆகாது. புலமை பெரிது என்பதனால் பொறுப்பு சிறிதாகிவிடாது.

அப்பிகட்டின் துபாஷியாக விளங்கியவரே மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். சென்னையில் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள் மீண்டும் எழத் துணைநின்ற வள்ளல் அவர். இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரைப் போற்றிப் புரந்தவரும் அவரே. கவிராயர் பிறந்த ஆண்டு 1711. பப்ரிசியுஸ் பிறந்ததும் அதே ஆண்டு. கவிராயர் மறைந்த 1779ஆம் ஆண்டிலேயே வேப்பேரி அகராதி அச்சேறியது. ஓராண்டில் பிறந்து தமிழுக்கு உழைத்த இருவருள் ஒருவர்க்கு மணலியின் வள்ளன்மை வாய்த்தது. மற்றவர்க்குக் கடன் கொடுத்தவரின் வழக்கே வாய்த்தது.

1788இல் கெரிக்கே என்னும் செர்மானியர் வேப்பேரிப் பணியை ஏற்றார். 1791 சனவரியில், எண்பது வயது நிறைந்த நிலையில், பப்ரிசியுஸ் உயிர் நீத்தார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு உடல்வழி மரபினர் இல்லை. சொல்வழி மரபினர் பலர். வேப்பேரியிலேயே வாழ்ந்து 1836இல் மறைந்த ராட்லரின் அகராதி, 1862இல் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி எனக் கொடிவழி நீள்கிறது. அவருடைய அகராதியே 1897 தொடங்கித் தரங்கம்பாடியில் திருத்தமும் பெருக்கமும் பெற்றுப் பன்முறை பதிப்பிக்கப்பட்டுள்ளது.

ஆலே நகரில் பேணப்படும் மறைப்பணியாளர் மடல்கள் அவரை இறைத்தொண்டராகக் காட்டுகின்றன. கடன் வழக்கோ அவரைப் பொருள் இழந்தவராகவும் பிறர் பொருளை இழப்பித்தவராகவும் காட்டுகிறது. அகராதி அவர் பெயரையே சொல்லாமல் அவர் உழைப்பை மட்டும் காட்டுகிறது. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அம்மனிதரை முழுமையாகக் காண இயலாது. மூதாதையரைத் தேடுவோர் பெருமைக்குரியவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு, வழக்கேடுகளை மூடி வைத்துவிடுதல் முறையன்று. எழும்பூர் ஏடுகளையும் வேப்பேரி அகராதியையும் அருகருகே வைத்துப் படிப்பது தமிழ் ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.