கவுண்டி வருவாய்க் காப்பு மானியம்

கவுண்டி வருவாய்க் காப்பு மானியம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 2014 ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட உழவர் உதவித் திட்டமாகும். சந்தை விலையைப் பொருட்படுத்தாது வழங்கப்பட்டு வந்த நேரடி மானியத்தை அச்சட்டம் நீக்கியது.

கவுண்டி என்பது மாவட்டத்தை ஒத்த நிருவாகப் பிரிவு. அதன் சராசரி விளைச்சலை நாடளாவிய விலையால் பெருக்கி ஏக்கர் வருவாய் கணக்கிடப்படுகிறது. முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு வகுக்கப்பட்ட அடிப்படை வருவாயில் 86 விழுக்காட்டிற்குக் கீழ் அது குறைந்தால் மானியம் கிடைத்தது. 2025 இல் இவ்வரம்பு 90 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

தனி உழவரின் விளைச்சல் இக்கணக்கில் சேராது. ஆலங்கட்டி மழையில் மக்காச்சோளம் முழுவதையும் இழந்தவருக்கும், கவுண்டியின் வருவாய் குறையாவிடில் எதுவும் கிடைக்காது. அவர் பயிர்க் காப்பீட்டையே நம்ப வேண்டும். எல்லைச் சாலையின் இருபுறமும் ஒரே பயிரை விளைவிப்போர் வெவ்வேறு தொகை பெறுவதும் உண்டு. தொகையும் அவ்வாண்டு விதைத்த நிலத்திற்கன்று, பழைய பதிவேட்டிலுள்ள 'அடிப்படை ஏக்கரில்' 85 விழுக்காட்டிற்கே வழங்கப்படுகிறது.