எண் தெரிந்த பெட்டியும் பெயர் தெரிந்த கம்ப்யூட்டரும்

ஆபீசில் போன் அடிக்குது. எடுப்பதற்கு முன்பே அழைப்பவரின் பெயர், வாங்கிய சரக்கு, தீராத புகார் எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. இது எப்போது சாத்தியமானது?

வெகுகாலம் எண் தெரிந்தது பிபிஎக்ஸுக்கு. பெயர் தெரிந்தது கம்ப்யூட்டருக்கு. இரண்டுக்கும் பேச்சே கிடையாது. பிபிஎக்ஸ் கம்பெனிகள் ஆளுக்கொரு மொழி வைத்திருந்தன. 1992இல் எக்மா அமைப்பு சிஎஸ்டிஏ என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. 1993இல் மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் டாபியை அறிவித்தன. வழி திறந்தது, ஆனால் பிபிஎக்ஸ் இன்னமும் விலை கூடிய மூடிய பெட்டிதான்.

1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸ் உதவிக்கென ஒரு கம்பெனி தொடங்கினார். பிபிஎக்ஸ் வாங்கக் காசில்லை. தானே ஒன்றை எழுதி, மூலநிரலையும் திறந்துவிட்டார். அதுதான் ஆஸ்டெரிஸ்க்.

அதன் மேனேஜர் இன்டர்ஃபேஸ் வழக்கமாக 5038ஆம் போர்ட்டில் இருக்கும். 'இந்த எண்ணிலிருந்து இந்த எக்ஸ்டென்ஷனுக்கு மணி அடிக்குது' என்று சாதாரண எழுத்து வரிகளில் சொல்லும். அதைப் படித்து, சிஆர்எம்மில் எண்ணைத் தேடி, பக்கத்தைத் திறக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். சிக்கல் வேறிடத்தில்: ஒரே எண் ஓரிடத்தில் +91 போட்டும், இன்னோரிடத்தில் முன்னால் 0 போட்டும் பதிவாகியிருக்கும். கடைசிப் பத்து இலக்கங்களை ஒப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்பு குரலை வைத்தே ஆளைச் சொல்லும் ஒருவர் ஆபீசில் இருப்பார். அவர் வேலையை விட்டால் அந்த ஞாபகமும் கூடவே போகும். இப்போது அது கம்பெனியிடமே தங்குகிறது. வாடிக்கையாளரும் பழைய கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். ஆனால் திரைக்குத் தெரிவது எண் மட்டும்தான். அப்பாவின் போனிலிருந்து மகள் பேசினாலும் அது அப்பா பெயரைத்தான் காட்டும். அதனால் 'யார் பேசுறீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நல்லது.